குத்தம்பாக்கம் வடக்கா, தெற்கா?

சென்னையோட புறநகர் பஸ் ஸ்டாண்டுகளை மேப்ல பாருங்க. ஆந்திரா போற பஸ்ஸுக்கு மாதவரம், 2018-ல திறந்தாங்க. தென் மாவட்டங்களுக்குக் கிளாம்பாக்கம், 2023 டிசம்பர் 30. வேலூர், பெங்களூரு பக்கம் போற பஸ்ஸுக்குன்னு எடுத்த இடம் குத்தம்பாக்கம். அதாவது அரசாங்கக் கணக்குல இந்த ஊர் மேற்கு. சரி, பண்பாட்டுல?

மதுரைக்காரரைக் கேட்டா யோசிக்காம "வடக்கு"ன்னுடுவார். திண்டிவனம் தாண்டினாலே அவருக்குப் பேச்சும் பிடிக்காது, சாம்பாரும் பிடிக்காது. டெல்லிக்காரருக்கு இங்கே எல்லாருமே மதராஸி. இவங்க ரெண்டு பேரையும் விட்டுடுவோம். நாம பார்க்க வேண்டியது ஊத்துக்கோட்டை, திருத்தணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வடக்கை.

பழைய கணக்குல தமிழ் நிலத்தோட வட எல்லை வேங்கடம், நம்ம திருப்பதி மலை. தொல்காப்பியப் பாயிரம் அப்படித்தான் சொல்லுது. குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர் திருமழிசை. அங்கே பிறந்த ஆழ்வாரும் வேங்கடத்தைப் பாடியிருக்கார். இந்தக் கணக்குல இது எல்லைப் பக்கமே இல்ல, தொண்டை நாட்டோட உள்பகுதி. எல்லையை இவ்வளவு கிட்ட கொண்டுவந்தது 1953-ம் 1960-ம்தான்.

1952 டிசம்பர் 15. ஆந்திராவைத் தனி மாநிலமா ஆக்கணும்னு சென்னையில உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு இறந்துபோறார். சென்னை நகரமும் எங்களுக்குத்தான்னு ஒரு பக்கம் குரல். தலையைக் கொடுத்தாவது தலைநகரைக் காப்போம்னு இன்னொரு பக்கம் தமிழ்த் தலைவர் ம.பொ.சி. 1953 அக்டோபர் 1-ல கர்னூலைத் தலைநகரா வச்சு ஆந்திர மாநிலம் பிறந்துச்சு. சென்னை தப்பிச்சுது, ஆனா திருத்தணி தப்பிக்கலை. அது அப்போ சித்தூர் மாவட்டம், அதனால மாவட்டத்தோட சேர்ந்து அங்கே போயிடுச்சு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிட்டுப் போன சென்னைக்காரங்க, ஆறு வருஷத்துக்கு மேல பக்கத்து மாநிலத்து முருகனைத்தான் கும்பிட்டுட்டு வந்தாங்க!

தமிழறிஞர் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னே நின்ன வடக்கெல்லைப் போராட்டம், அப்புறம் எல்லைத் தகராறுக்கு நடுவரா இருந்த படாஸ்கரோட பரிந்துரை, 1959-ல சட்டம். 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி திரும்பி வந்துச்சு. சும்மா வரலை. பதிலுக்கு, செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போச்சு. நகரி, புத்தூர், சித்தூர் எல்லாம் அங்கேயே நின்னுடுச்சு. திருத்தணி கிடைச்சதைக் கொண்டாடுறவங்க சத்தியவேட்டை ஏனோ அவ்வளவா பேசறதில்ல.

கோடு போட்டதால பழக்கவழக்கம் மாறிடுச்சான்னா, இல்ல. புரட்டாசி வந்தா சென்னையிலிருந்து திருக்குடை ஊர்வலம் வில்லிவாக்கம், திருமுல்லைவாயில், திருவள்ளூர்னு இன்னைக்கும் திருப்பதிக்குத்தான் போகுது. தண்ணி அங்கேருந்து இங்கே வருது. 1996-லேருந்து கண்டலேறு கால்வாய் வழியா கிருஷ்ணா தண்ணி பூண்டிக்கு வந்து, அங்கேருந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் வருது. இன்னும் பின்னாடி போங்க. போரூருக்குப் பக்கத்துல கோவூர்னு ஒரு ஊர். அந்த ஊர் சிவன் மேல தியாகராஜர் அஞ்சு கீர்த்தனை பாடியிருக்கார். பாடினவர் திருவையாத்துக்காரர், கூட்டிட்டு வந்தவர் கோவூர் முதலியார், பாட்டு தெலுங்கு. இதுல எது வடக்கு, எது தெற்குன்னு நீங்களே பிரிச்சுப் பாருங்க. என்னால முடியலை.

இந்தப் பக்கம் வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ்னு வாழற குடும்பங்கள் எக்கச்சக்கம். அவங்களைப் பார்த்து யாரும் வடக்கேருந்து வந்தவங்கன்னு சொல்றதில்ல. தலைமுறை தலைமுறையா இங்கேயே இருக்கிறவங்க. என்னைக் கேட்டா, தெலுங்கு கலந்திருக்கிறதால இந்தப் பகுதி வடக்கு ஆயிடாது. தொண்டை நாடே ரெண்டு மொழியும் பழகின நாடுதான்.

அப்போ "வடக்கு" எங்கே போச்சு? இடம் மாறிடுச்சு. 1950-கள்ல வடக்குன்னா சித்தூர். இன்னைக்கு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வாசல்ல நின்னு கேளுங்க, பீகார், ஒடிசா, அசாம்னு சொல்வாங்க. மளிகைக் கடையில நல்லெண்ணெய்க்குப் பக்கத்துலயே கடுகு எண்ணெய் இருக்கு. ஆவடிக்கு இதெல்லாம் புதுசே இல்ல. 1960-கள்ல டேங்க் ஃபேக்டரி வந்ததுலேருந்து, சி.ஆர்.பி.எஃப்., விமானப்படைன்னு இந்தி பேசுற குடும்பங்களோடயே வளர்ந்த ஊர் அது. ஆனா அவங்க வந்தது சம்பளத்தோட குவார்ட்டர்ஸும் கிடைக்கிற மத்திய அரசு வேலைக்கு. இப்போ வர்றவங்களுக்குக் கான்ட்ராக்ட் வேலை, ஒரே ரூம்ல பல பேர். அதனாலதானோ என்னவோ, ஆவடியில அந்தக் காலத்து ஆளுங்க "நார்த் இந்தியன் சார்". இன்னைக்குச் சிப்காட் வாசல்ல நிக்கிற பையன் வெறும் "வடக்கன்". அப்படிக் கூப்பிடுறவங்கள்ல வீட்டுல தெலுங்கு பேசுறவங்களும் உண்டு.