எட்டாம் வகுப்பில் 40-க்கு 11: அந்த மார்க்கை வைத்து டீச்சர் என்ன செய்யலாம்?

"எங்க ஊர்ல எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில் ஆகுறதுதான் கஷ்டம்" என்று கேரளாவில் படித்த நண்பர் யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 100-க்கு 30 எடுத்தால் பாஸ். அதில் 20 மார்க் பள்ளியே போடும் இன்டர்னல். அது முழுசாகக் கிடைத்தால், எழுத்துத் தேர்வில் 80-க்கு 10 போதும்.

இப்போது அந்தக் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் மட்டுமே 30% எடுக்க வேண்டும் என்ற விதியை, 2024-25-ல் கேரள அரசு எட்டாம் வகுப்பில் கொண்டுவந்தது. 40 மார்க் தாள் என்றால் 12. எடுக்காதவர்களுக்கு அந்தப் பாடத்தில் ஏப்ரலில் சிறப்பு வகுப்பு, பிறகு மறுதேர்வு. அறிவித்தபடி 2026-27-ல் இது எஸ்.எஸ்.எல்.சி.க்கும் வருகிறது.

பாலக்காட்டின் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் எய்டட் பள்ளியும் விலக்கல்ல. நிர்வாகம் சபையுடையது, பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பளமும் அரசுடையது.

சிறப்பு வகுப்பில் எதை நடத்துவது?

சிக்கலே இங்கேதான். ஒரு உதாரணம். இரண்டு மாணவிகள், இருவருக்கும் கணக்கில் 11. ஒருத்திக்குப் பின்னம் வரவில்லை, அது வரும் கேள்வியெல்லாம் பூஜ்யம். இன்னொருத்தி எண்ணாகக் கொடுத்ததையெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள். வாக்கியமாக வந்த கணக்குகளை மட்டும் தொடவே இல்லை. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தால் யாருக்கு லாபம்?

மார்க் பட்டியல் இதைச் சொல்லாது. கேள்வி வாரியாக ஒரு அட்டவணை போட்டால் தெரிந்துவிடும்: மேலே கேள்வி எண், பக்கத்தில் பெயர்கள். ஒரு எக்ஸெல் ஷீட் போதும், நோட்டில் கோடு போட்டாலும் சரி.

இரண்டாவது மாணவிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அதே கேள்வியை டீச்சர் வாசித்துக் காட்ட வேண்டும். உடனே விடை சொன்னால் அவளுக்குக் கணக்கு வருகிறது, வாசிப்புதான் வரவில்லை. அவளுக்கு வேண்டியது தமிழ் டீச்சரின் நேரம். எல்லைப் பகுதியில் இதை அவசியம் பார்க்க வேண்டும். வீட்டில் தமிழ், ஊரில் மலையாளம், வினாத்தாளில் மொழிபெயர்ப்புத் தமிழ். தமிழ் வழி வகுப்பே மொத்தமாக ஒரு கேள்வியில் சறுக்கினால், நான் முதலில் கேள்வியின் வாசகத்தைத்தான் சந்தேகிப்பேன்.

தேசியத் தேர்வுகள் உதவாதா?

2024 டிசம்பர் 4 அன்று நடந்த 'பரக்' ஆய்வில் 74,229 பள்ளிகளின் 3, 6, 9-ம் வகுப்பு மாணவர்கள், சுமார் 21 லட்சம் பேர் எழுதினார்கள். அது மாதிரி ஆய்வு. மாநிலமும் மாவட்டமும் எங்கே நிற்கின்றன என்று காட்டும். உங்கள் அக்கா மகள் எங்கே தடுமாறுகிறாள் என்று காட்டாது.

மறுதேர்வில் அந்த 11, 13 ஆகலாம். பள்ளிக்கும் வீட்டுக்கும் நிம்மதி. ஆனால் பின்னக் கேள்விகளில் இன்னும் பூஜ்யம்தான் என்றால், கூடுதலாக வந்த அந்த 2 மார்க் வேறு எங்கிருந்தோ வந்தது. ஒன்பதாம் வகுப்பு டீச்சரிடம் மார்க் ஷீட்டோடு அந்த அட்டவணையும் போய்ச் சேர வேண்டும்.