பழைய சுரங்க ரயில் நிலையத்தைப் புதுப்பிப்பது எப்படி?

லண்டனில் ஆர்சனல் சுரங்க ரயில் நிலையத்தின் நடைமேடையில் இறங்கினால், சுவரில் ‘கில்லெஸ்பி ரோடு’ என்று பெரிய எழுத்தில் வேறொரு பெயர் தெரியும். 1906இல் நிலையம் திறந்தபோது வைத்த பெயர் அது. 1932இல் பக்கத்திலிருந்த கால்பந்து அணியின் பெயர் நிலையத்துக்கு வந்தது. பழைய பெயர் மட்டும் ஓடுகளில் இன்றும் இருக்கிறது.

இதுபோன்ற நிலையங்களை வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன். 1903இல் பொறுப்பேற்று, சுமார் 50 நிலையங்களை வரைந்து கொடுத்துவிட்டு, 1908இல் 33 வயதில் இறந்துபோனார். வெளியே ரத்தச் சிவப்பில் பளபளக்கும் சுடுமண் முகப்பு, மாடியில் அரைவட்ட ஜன்னல்கள். உள்ளே நடைமேடைச் சுவர்களில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நிறம், தனிக் கோலம். பூமிக்கடியில் எல்லாச் சுரங்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயர்ப் பலகை கண்ணில் படாவிட்டாலும், வாடிக்கையாக வருபவர் சுவரின் நிறத்தைப் பார்த்தே தன் நிலையத்தை அறிந்து இறங்கலாம். ஆகவே அந்த ஓடுகளை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது. அவை வழிகாட்டிகள்.

ஆனால் நூறு வருடம் தாண்டிய சுவரை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. ஈரம் இறங்கி ஓடுகள் கழன்றுவரும். புது விளக்கு, கேமரா, ஒலிபெருக்கி, தீ எச்சரிக்கைக் கருவி எல்லாவற்றுக்கும் மின்கம்பி இழுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு லிஃப்ட் வேண்டும். இவற்றைச் செய்துகொண்டே பழமையையும் காப்பதற்கு ஒரு முறை உண்டு.

முதல் வேலை, பதிவுசெய்தல். சுவரில் கை வைக்கும் முன்பே ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து, அளவெடுத்து, நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று வெற்றொலி வந்தால் அது சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அதை மட்டும் எடுத்தால் போதும்.

எடுத்த இடத்தை நிரப்பக் கடையில் கிடைக்கும் ஓடு பொருந்தாது. லண்டன் நிலையங்களுக்கான மாற்று ஓடுகள் ஜாக்ஃபீல்டு என்ற ஊரில் உள்ள பழைய ஓட்டுத் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டிருக்கின்றன. பூசும்போது ஒரு நிறமாக இருக்கும் மெருகு, சூளையிலிருந்து வேறு நிறமாக வெளிவரும். அதனால் மாதிரிகளைச் சுட்டு, பழைய ஓட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நிறத்தை முடிவுசெய்ய முடியும். மின்கம்பிகளை எழுத்தின் மீதும் கோலத்தின் மீதும் குறுக்கே ஓடவிடாமல் ஒரே குழாய்க்குள் அடக்க வேண்டும்.

சட்டத்தின் துணையும் தேவை. 2011இல் கிரீனின் நிலையங்கள் பல பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அனுமதி இல்லாமல் இனி அவற்றின் தோற்றத்தை மாற்ற முடியாது.

அப்படியிருந்தும் சில சமயம் இழப்பு நேர்கிறது. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் சிற்பி எட்வார்டோ பவுலோட்சி 1980களில் வண்ணச் சில்லுகளால் சுவர் முழுக்க ஓவியம் படைத்தார். நிலையத்தை விரிவாக்கியபோது அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் நகரும் படிக்கட்டுகளுக்கு மேலிருந்த வளைவுகள் 2015இல் அகற்றப்பட்டன. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, மிஞ்சிய துண்டுகள் அவர் பிறந்த எடின்பரோவின் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் குரல் முன்னதாகவே எழுந்திருக்க வேண்டும். வரைபடம் தயாராகும்போது கேட்கும் கேள்விக்குத்தான் பலன் அதிகம்.

லண்டன் போக வாய்த்தால் ஆர்சனலில் ஒருமுறை இறங்கி அந்தப் பழைய பெயரைப் படித்துப் பாருங்கள். நல்ல புதுப்பித்தல் எப்படி இருக்கும் என்று அந்தச் சுவரே சொல்லித்தரும்.