வான் கடைக்கு வயர் வாங்கும்போது

நடமாடும் கடை வைத்திருக்கும் சகோதர வியாபாரிகளுக்கு இந்த வாரம் ஒரு சின்ன விடயம். சின்னது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் துறைக்குப் போகும் சனம் வேலணைத் தீவைக் கடந்துதான் போகும். அந்த வியாபாரத்தை நம்பி என் வானைச் சரவணையில் ஒரு வீட்டு மதிலோரம் நிறுத்தினேன். உள்ளே சோடாப் பெட்டி, ஃபேன், பல்புகள், தேநீருக்கு 2000 வற் கேத்தல். வீட்டுக்கார அம்மாவிடம் நாள் வாடகை பேசி, 30 மீற்றர் வயர் றீலில் கரண்ட் எடுத்தேன். தேவைப்பட்டது பாதி நீளம்தான். மீதி றீலிலேயே சுற்றிக் கிடந்தது.

இரவு எட்டு மணியிருக்கும். "தம்பி, றப்பர் எரியிற மணம் வருது, ஓடி வாங்கோ!" என்று அந்த அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் றீலின் உட்சுற்றுகள் உருகி ஒட்டிப்போயிருந்தன. பக்கத்திலேயே துணி மூட்டைகள்.

பிளக்கில் 13 அம்பியர் பியூஸ் இருந்ததே, ஏன் போகவில்லை? நான் இழுத்தது ஏறக்குறைய 10 அம்பியர்தான். பியூசுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் வயர் 0.75 சதுர மில்லிமீற்றர். 6 அம்பியருக்கு மேல் அதற்குத் தாங்காது. கணக்குப் பார்த்தால் 30 மீற்றரில் சுமார் 150 வற் வயருக்குள்ளேயே சூடாகிறது. விரித்துப் போட்டால் காற்றில் ஆறும், சுற்றி வைத்தால் எங்கே போகும்? பிளக்கைப் பார்த்து வயரை எடைபோட்டது என் பிழை. விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வாங்கியிருப்பது 1.5 சதுர மில்லிமீற்றர், மூன்று கம்பி, றப்பர் உறை. இன்னும் தூரமென்றால் 2.5 எடுக்க வேண்டும். அளவு உறையிலேயே அச்சிட்டிருக்கும், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

இரண்டு கம்பி வயர் மலிவுதான். ஆனால் எர்த் இல்லாமல் கரண்ட் கசிந்தால் வானின் தகர உடம்பு முழுவதும் கரண்ட் நிற்கும். வெறுங்காலோடு சாமான் வாங்க வரும் பிள்ளை அதைத்தான் தொடும். கரண்ட் எடுக்கும் வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் ரெஸ்ற் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்றும் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தீவுப் பகுதியில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும், தொடுப்பு தளரும், அந்த இடமே கொதிக்கும். வாரம் ஒருமுறை துடைக்கிறேன். பிளக் கைக்குச் சுட்டால் அன்றைக்குக் கேத்தல் இல்லை.

அந்த அம்மாவின் பிளக் பொயின்றும் கருகியிருந்தது. மாற்றிக் கொடுத்த பிறகுதான் மறுநாள் கடை திறந்தேன்.