காத்திருக்கும் பாடம்

மாரண்டஹள்ளியைச் சூழ்ந்த தோட்டங்களில் தக்காளி பறிக்கும் நாட்களில், மாணாக்கர் சிலர் பெற்றோருக்குத் துணைபுரிதல் வேண்டும். அவ்வேளையில் தொலைக்காட்சியில் வரும் கல்விப் பாடம் அவர்களுக்காகக் காத்திராது. எனினும், அதனைக் காத்திருக்கச் செய்யும் வழி ஒன்று உண்டு.

தூர்தர்ஷன் 2004ஆம் ஆண்டு தொடங்கிய டிடிஎச் சேவை, இன்று டிடி ஃபிரீ டிஷ் எனப்படுகிறது. அதற்கு மாதக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளைக் கூரைமேலுள்ள டிஷ் ஏற்கிறது. செட்டாப் பாக்ஸ் அவற்றைப் படமும் ஒலியுமாக மாற்றுகிறது. பதிவு வசதியுள்ள பெட்டியில் பென் டிரைவைச் செருகி, நேரத்தையும் குறித்து வைத்தால், நிகழ்ச்சி தானே பதிவாகும். மின்சாரம் மட்டும் தடைபடலாகாது.

இப்பதிவு நம் சொந்தப் பயனுக்கே உரியது. பிறருக்கு விற்றல் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும். இவ்வரம்பினுள் நின்றால், பகலில் உழைத்த மாணாக்கரும் இரவில் அப்பாடத்தைக் குறைவறக் கற்கலாம்.