ஒற்றர் தேர்வும் உத்தியோகத் தேர்வும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் நேர்முகத் தேர்வைப் பற்றிய பேச்சு இல்லாத வீடு அபூர்வம். ஒரு வீட்டில் பெண் கல்லூரி வளாகத் தேர்வுக்குத் தயாராகிறாள். அடுத்த வீட்டுப் பையன் ராணுவ அதிகாரி ஆகும் கனவோடு எஸ்.எஸ்.பி.க்குப் போகிறான். போபாலில் இருக்கும் நமக்கு எஸ்.எஸ்.பி. புதிதல்ல. ஐந்து நாள் கழித்துப் பெட்டியோடு திரும்பி வரும் பிள்ளைகளின் முகத்தை ஸ்டேஷனில் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

நான் உத்தியோக காலம் முழுவதும் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வகைப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். ஒன்று, உளவாளிகளைப் பற்றிய உண்மை வரலாறுகள். மற்றது, விசித்திரமான வேலைத் தேர்வுகளைப் பற்றியவை. முதலில் இவை இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்க, இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்று தெரிந்தது. அந்தக் கதையை நம் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோருக்கும் சொல்லலாம் என்றுதான் இக்கட்டுரை.

பொய்ப் பெயரோடு மூன்று நாள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், அமெரிக்கா ஓ.எஸ்.எஸ். என்ற உளவு நிறுவனத்தைத் தொடங்கியது. இன்றைய சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடி அது. எதிரி நாட்டுக்குள் அனுப்ப ஆள் வேண்டும். யார் தாக்குப்பிடிப்பார், யார் உளறிவிடுவார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஹென்றி மரே முதலியோரைக் கூப்பிட்டார்கள். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு பண்ணை வீட்டை எடுத்து, 'ஸ்டேஷன் எஸ்' என்று பெயர் வைத்து, 1943 டிசம்பர் முதல் தேர்வு நடத்தினார்கள். 1945 ஆகஸ்டுக்குள் இங்கும் மற்ற நிலையங்களிலுமாக 5,391 பேர் சோதிக்கப்பட்டனர். அந்த அனுபவத்தைத் தேர்வு நடத்தியவர்களே 1948ல் 'அசெஸ்மென்ட் ஆஃப் மென்' என்ற புத்தகமாக வெளியிட்டார்கள்.

வந்தவர்கள் தங்கள் உடையையும் பதவிச் சின்னங்களையும் கழற்றி வைத்துவிட்டு, எல்லோரும் ஒரே மாதிரி உடை அணிய வேண்டும். ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த ஊர், படித்த படிப்பு, பார்த்த வேலை எல்லாவற்றையும் மாற்றி ஒரு கதை ஜோடித்து, கடைசி வரை காப்பாற்ற வேண்டும். அதிகாரிகள் சாப்பாட்டு மேசையில்கூடப் பேச்சுக் கொடுத்து வாயைக் கிளறுவார்கள்.

ஒரு தேர்வில் சின்ன ஓடை ஒன்றைக் காட்டி, இது ஆழமான காட்டாறு என்று வைத்துக்கொள்ளுங்கள், சாமான்களை அக்கரை சேர்க்க வேண்டும் என்பார்கள். கயிறும் பலகையும் இருக்கும், ஆனால் எந்தப் பலகையும் அக்கரைக்கு எட்டாது. தலைவர் என்று யாரையும் நியமிக்க மாட்டார்கள். யார் தானாகத் தலைமை ஏற்கிறார், யார் சத்தம் மட்டும் போடுகிறார் என்று ஓரமாக நின்று குறித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றில், மரக்கட்டைகளைப் பொருத்தி ஒரு சட்டம் கட்ட வேண்டும். நேரம் பத்து நிமிடம். உதவிக்கு கிப்பி, பஸ்டர் என்று இரண்டு ஆட்கள். கிப்பி சொன்னால்கூடக் கை அசைக்க மாட்டான். பஸ்டர் எதற்கெடுத்தாலும் குறை சொல்லி, கட்டியதையும் தட்டிவிடுவான். இருவரும் தேர்வுக் குழுவின் ஆட்கள்தான்! அந்தப் பத்து நிமிடத்தில் வேலையை முடித்தவர் ஒருவரும் இல்லை. முடிப்பதா அங்கே கணக்கு? கோபம் வரும்போது மனிதன் என்ன ஆகிறான் என்பதுதான்.

எல்லாவற்றிலும் கடுமையானது விசாரணைத் தேர்வு. அரசாங்கக் கட்டடத்தில் நள்ளிரவில் ரகசியக் கோப்புகளைப் புரட்டியபோது பிடிபட்டுவிட்டாய், பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நம்பகமான காரணம் தயார் செய் என்பார்கள். பிறகு முகத்தில் பளீரென்று விளக்கை அடித்து, குறுக்குக் கேள்வியால் குடைந்து, கடைசியில் நீ தேறவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். சோர்ந்து வெளியே வருகிறவரிடம் இன்னொரு அதிகாரி அன்பாகப் பேசுவார். "அப்பாடா, முடிந்தது" என்று நினைத்துத் தன் உண்மைக் கதையைச் சொன்னவர் அங்கேதான் மாட்டிக்கொண்டார். உண்மையான தேர்வு அந்த அறையில்தான் இருந்தது.

வள்ளுவர் 'ஒற்றாடல்' அதிகாரத்தில் ஒற்றனுக்குச் சொல்லும் இலக்கணம் மூன்று: சந்தேகம் எழாத தோற்றம், பிறர் முறைத்தாலும் அஞ்சாமை, எந்த நிலையிலும் உள்ளத்தில் இருப்பதை வெளியே விடாமை. ஸ்டேஷன் எஸ் விசாரணை அறையில் சோதித்ததும் இந்த மூன்றைத்தானே!

நம் எஸ்.எஸ்.பி.யின் பூர்வீகம்

இந்த அமெரிக்கர்கள் பலவற்றை பிரிட்டிஷ் ராணுவத்தின் தேர்வு வாரியங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள். 1942ல் தொடங்கிய அந்த வாரியங்களில்தான் வில்ஃப்ரட் பயோன் என்ற மனநல மருத்துவர் தலைவர் இல்லாத குழுத் தேர்வை உருவாக்கினார். நம் எஸ்.எஸ்.பி. அதே பிரிட்டிஷ் வாரியங்களின் வாரிசு. பலகை, கயிறு, பீப்பாய் வைத்துக் குழுவாகத் தடை தாண்டும் தேர்வு நம் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். பெயருக்குப் பதிலாக மார்பில் எண் அட்டை குத்திக்கொள்வதும் தெரியும்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. எஸ்.எஸ்.பி.யில் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்கிறார்களே, டி.ஏ.டி., அதை கிறிஸ்டியானா மோர்கனும் மேலே சொன்ன ஹென்றி மரேயும் சேர்ந்து 1935ல் அறிமுகப்படுத்தினார்கள். ஒற்றர்களைச் சலித்தெடுத்த அதே மரேயின் கைவண்ணம் இன்று நம் வீட்டுப் பிள்ளையின் முன்னால் திரையில் விழுகிறது.

தேர்வின் தேர்வு

சரி, இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் களத்தில் எப்படி இருந்தார்கள்? 1948 புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். தேர்வில் போட்ட மதிப்பெண்ணுக்கும் களத்தில் கிடைத்த மதிப்பீட்டுக்கும் பொருத்தம் குறைவாகவே இருந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு காரணம், வேலை இன்னது என்று தேர்வாளர்களுக்கே சரியாகத் தெரியாது. ஒரு வேலைக்குத் தேறியவரை அங்கே போனதும் வேறு வேலையில் போட்டார்கள். 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் வள்ளுவர், இந்த வேலையை இந்த வழியால் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து பிறகே அவனிடம் விடு என்கிறார். ஆளை மட்டும் ஆராய்ந்தால் போதாது, வேலையையும் ஆராய வேண்டும்.

பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் இதே மாதிரி தேர்வு நடத்தியவர். எட்டுப் பேர் ஒரு நீளமான மரத்துண்டோடு ஆறடிச் சுவரைத் தாண்ட வேண்டும். மரம் சுவரிலோ தரையிலோ பட்டால் மறுபடி முதலிலிருந்து. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யார் தலைவன் என்பதில் சந்தேகமே வராது. ஆனால் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த தகவலோ, அவர்கள் கணிப்பு குருட்டு ஊகத்தைவிடக் கொஞ்சம்தான் மேல் என்றது. வேடிக்கை என்னவென்றால், அது தெரிந்த பிறகும் அடுத்த குழுவைப் பார்க்கும்போது அதே நிச்சயம் மனதில் வந்ததாம். 2011ல் வந்த 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' நூலில் இதை விவரித்திருக்கிறார்.

அவர் கண்ட மாற்று எளியது. ஆறு குணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கடந்தகால நடப்பைப் பற்றிய கேள்விகளை எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேட்டு, அடுத்ததற்குப் போகும் முன் மதிப்பெண் போட்டுவிட வேண்டும். இது முந்தைய முறையைவிட எவ்வளவோ தேவலை என்று தெரிந்தது. 1998ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்தபோதும், எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கும் நேர்முகம், மனம்போனபடி பேசும் நேர்முகத்தைவிட மேல் என்றே வந்தது. 2022ல் சாக்கெட் குழுவினர் கணக்கைத் திருத்திப் பார்த்தார்கள். எண்கள் இறங்கினாலும் அந்த வகை நேர்முகம் முதலிடத்துக்கு வந்தது.

"நம்ம ஆளுதான்"

தேர்வே வேண்டாம், தெரிந்தவர் சொன்னால் போதும் என்பாரும் உண்டு. சிபாரிசின் கதைக்கு கிம் ஃபில்பி ஒருவர் போதும். 1912ல் நம் அம்பாலாவில் பிறந்தவர். தந்தை பஞ்சாபில் ஐ.சி.எஸ். அதிகாரி. 1940ல் பிரிட்டிஷ் உளவுத்துறையில் சேர்ந்தபோது, குடும்பம் தெரிந்த குடும்பம் என்பதே பெரிய தகுதியாக இருந்தது. துறையின் உயரதிகாரி ஒருவருக்கு இந்தியாவிலேயே தந்தையைப் பழக்கம். ஆனால் ஃபில்பி 1934லேயே சோவியத் பக்கம் சேர்ந்துவிட்டவர்! 1944ல் சோவியத்துக்கு எதிரான பிரிவுக்கே அவரைத் தலைவராக்கினார்கள். 1963ல் அவர் மாஸ்கோவுக்குத் தப்பியோடினார். பென் மெக்கின்டயரின் 'எ ஸ்பை அமங் ஃபிரண்ட்ஸ்' (2014) இதை விரிவாகச் சொல்கிறது. ஆராயாமல் நம்புவது தீராத துன்பம் தரும் என்ற குறளுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதற்காக, ஒற்றனை விட்டே ஆளைச் சோதிக்கலாமா? 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் முதல் குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கு சோதனைகளைச் சொல்கிறது. வேடம் போட்டவர்களை ஏவி ஆசை காட்டுவதும் அச்சுறுத்துவதும்தான் அந்த முறை என்று பரிமேலழகர் விளக்குகிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இது உண்டு. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் ஒப்படைத்த சுவடியிலிருந்து சாமாசாஸ்திரி 1909ல் அந்நூலைப் பதிப்பித்தார். அதே கௌடில்யர் ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: நல்ல தண்ணீரில் விஷம் கலப்பது போல, கெடாதவனைச் சோதனையே கெடுத்துவிடக்கூடும்.

புதிர்க் காலம்

ஐ.டி. பிள்ளைகளுக்குத் தெரிந்த புதிர்க் கேள்விகளும் பழையவையே. டிரான்சிஸ்டர் புகழ் ஷாக்லி, 1957ல் வேலைக்கு வந்தவரிடம் கையில் கடிகாரத்தோடு கேட்டது: 127 பேர் ஆடும் டென்னிஸ் போட்டியில் மொத்தம் எத்தனை ஆட்டம்? கூட்டிக் கழிக்க வேண்டாம். ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார். 126 பேர் வெளியேற வேண்டும், ஆகவே 126 ஆட்டம். மைக்ரோசாஃப்டின் புதிர்களைப் பற்றி 2003ல் வில்லியம் பவுண்ட்ஸ்டோன் எழுதிய புத்தகத்தில் இக்கதை வருகிறது. கூகுளும் இதே வழியில் போய்ப் பார்த்தது. 2013ல் அதன் ஆளெடுப்புத் தலைவர் லாஸ்லோ பாக், இத்தகைய புதிர்களால் பயனே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போன வருஷம் நமக்குத் தெரிந்த ஒரு மாமி, "பையன் கான்ஃபரன்ஸ் அவுட் ஆயிட்டான், ரூமை விட்டு வெளியே வர மாட்டேங்கறான்" என்று கண் கலங்கினார். அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். உலகப் போரில், தேர்ந்த விஞ்ஞானிகள் கூடி மூன்று நாள் ராப்பகலாகக் கவனித்தும் மனிதனை முழுசாக அளக்க முடியவில்லை. அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்து நாளோ அரை மணியோ பார்த்துவிட்டு ஒரு வாரியம் சொல்வது, அந்த இடத்துக்கு அந்தச் சமயத்தில் வேண்டாம் என்பது மட்டுமே. உங்கள் பிள்ளையின் குணத்துக்கு அது தீர்ப்பு ஆகாது.

பிள்ளைகளுக்கும் மூன்று யோசனை. மனப்பாடக் கதையோடு போகாதீர்கள். பொய்க்கதையைக் காப்பது ஒற்றனுக்கே கஷ்டம். வாழ்க்கையில் உண்மையாகச் செய்த ஆறேழு காரியங்களை, எங்கே, எப்போது, என்ன செய்தேன் என்று தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். நல்ல தேர்வாளர் கேட்பது அதைத்தான். கிப்பியும் பஸ்டரும் எங்கேயும் வருவார்கள், அப்போது கோபத்தை அடக்கி வேலையைத் தொடருங்கள். அதற்கு மேலும் கிடைக்காவிட்டால், வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அடுத்த தேர்வுக்கு டிக்கெட் போடலாம்.