பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு சூயிங்கம்: குடலை எழுப்பிவிடுமா?

“காத்து பிரிஞ்சுதுங்களா?” குமாரபாளையம் பக்கம் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களிடம் மறுநாள் காலையில் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. படுத்திருப்பவரின் கேள்வியோ வேறு: “எப்பங்க தறிக்குப் போலாம்?” தறி ஓட்டினால்தான் கூலி என்பவருக்கு, படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். சூயிங்கம் மென்றால் குடல் சீக்கிரம் வேலை செய்யும் என்கிறார்களே, உண்மையா?

குடல் ஏன் நிற்கிறது?

மயக்க மருந்தும், மார்ஃபின் போன்ற வலி மருந்துகளும், ஆபரேஷனில் குடலைத் தொட்டு நகர்த்துவதும் அதன் அசைவை மந்தமாக்கிவிடும். சிறுகுடல் சீக்கிரமே மீண்டுவிடும். பெருங்குடலுக்கு 2, 3 நாள்கூட ஆகலாம். காற்று பிரிந்தால் அது விழித்துவிட்டது என்று பொருள்.

சூயிங்கம் என்ன செய்யும்?

மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், செரிமான நீர்கள் சுரக்கும், குடலும் அசையும்.

ஆதாரம் உண்டா?

பெருங்குடல் ஆபரேஷன் ஆன 19 பேரிடம் ஜப்பானில் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. மென்றவர்களுக்குச் சராசரியாக 2.1-வது நாளிலும், மெல்லாதவர்களுக்கு 3.2-வது நாளிலும் காற்று பிரிந்தது. 2015-ல் காக்ரேன் அமைப்பு 81 ஆய்வுகளை அலசி, ஓரளவு பலன் தெரிகிறது, ஆனால் பல ஆய்வுகளின் தரம் போதாது என்றது. 2018-ல் வெளியான, 2,000 பேரை வைத்து நடந்த நெதர்லாந்து ஆய்விலோ, ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறையவில்லை.

பித்தப்பைக்கு?

இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா தொடங்கிவைத்த லேப்ராஸ்கோப்பி முறைதான் இப்போது வழக்கம். இதில் குடலை அதிகம் தொடுவதில்லை. பலர் சில மணி நேரத்திலேயே நீர் ஆகாரம் எடுத்து, ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். நிஜச் சாப்பாடே உள்ளே போகும்போது, பொய்ச் சாப்பாட்டுக்கு வேலை குறைவு. வயிற்றைத் திறந்து செய்து, சாப்பிடத் தாமதமானால் மெல்லுவது ஓரளவு உதவலாம்.

எதைக் கவனிக்கணும்?

மயக்கம் முழுதாகத் தெளிந்து, டாக்டர் சரி என்ற பிறகே சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு வேண்டாம். “மெல்லத்தானே சொன்னாங்க” என்று பாக்கு, புகையிலை பக்கம் போகவே கூடாது. அவை வாய்ப் புற்றுநோய்க்கு வழி. டாக்டர் சொன்னபடி எழுந்து நடப்பதும் முக்கியம்.

வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தாலோ சூயிங்கத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.