ஊர் ரயிலுக்காகப் பேச ஆள் வேண்டும்: பயணிகள் சங்கத் தலைவர் என்ன செய்கிறார்?

தினமும் போகிற ரயிலின் நேரம் திடீரென்று மாறிவிடுகிறது. ஆபீஸுக்கு அரை மணி நேரம் லேட். பிளாட்பாரத்தில் பத்துப் பேர் புலம்புகிறார்கள், ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறார். அடுத்த வாரமும் அதே நேரம், அதே புலம்பல். சரி, இதை ரயில்வேயிடம் முறையாகக் கொண்டுபோவது யார்?

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதற்கான பதில், அந்த ஊர் ரயில் பயணிகள் சங்கம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரோ, கடை வைத்திருப்பவரோ, வழக்கறிஞரோ அதை நடத்திக்கொண்டிருப்பார். சம்பளம் கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குக் கிளம்பும் ஐ.டி. ஊழியர்களுக்கு ரயில் அத்தனை முக்கியம் என்றாலும், சங்கக் கூட்டத்தில் அவர்களைப் பார்ப்பது அபூர்வம். அந்த நாற்காலியில் ஒரு நாள் நீங்களே உட்கார நேர்ந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

சங்கம் என்றால் என்ன?

இது ரயில்வேயின் அங்கம் இல்லை. பயணிகளே சேர்ந்து அமைத்துக்கொள்வது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது 7 பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவு இல்லாமலும் மனு கொடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பதிவான சங்கம் என்றால்தான் ஆலோசனைக் குழுக்களில் இடம் கேட்க முடியும்.

ஸ்டாப்பிங் கொடுப்பது யார்?

‘ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கல' என்று பலரும் சொல்வார்கள். எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஸ்டாப்பிங் கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என 6 கோட்டங்கள் உள்ளன. கோட்டத்தின் தலைவர் டி.ஆர்.எம். எனப்படும் கோட்ட ரயில்வே மேலாளர். தண்ணீர், கழிப்பறை, விளக்கு, மேற்கூரை போன்றவற்றுக்கு அவர் அலுவலகமே போதும். எக்ஸ்பிரஸ் ஸ்டாப்பிங், புதிய ரயில் எல்லாம் அங்கிருந்து சென்னை தலைமையகம் போய், டெல்லியில் உள்ள ரயில்வே வாரியம் வரை செல்ல வேண்டிய விஷயங்கள். எந்தக் கோரிக்கை எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் தலைவரின் முதல் வேலை.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஸ்டாப்பிங் பல நேரம் ‘பரிசோதனை அடிப்படையில்' சில மாதங்களுக்குத்தான் கிடைக்கும். பிறகு அந்த ஸ்டேஷனில் எவ்வளவு டிக்கெட் விற்றது என்று பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் பக்கத்து ஜங்ஷன் பெயரிலேயே புக் செய்துவிட்டு, ஏறுவதை மட்டும் இங்கே ஏறினால், வருமானம் அந்த ஜங்ஷன் கணக்கில்தான் சேரும். டிக்கெட் எடுக்காமல் ஏறினால் கணக்கிலேயே வராது. ஆக, ஸ்டாப்பிங் வாங்குவது பாதி வேலை. ‘நம்ம ஸ்டேஷன் பெயரிலேயே டிக்கெட் எடுங்கப்பா' என்று ஊரைப் பழக்குவது மீதி வேலை.

எண்ணிக்கை எவ்வளவு முக்கியம்?

இங்கிலாந்தில் செட்டில் - கார்லைல் என்ற பாதை இருக்கிறது. சுமார் 116 கி.மீ. நீளம். அதிலுள்ள ரிப்பிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்க அதிகம் செலவாகும் என்பதைக் காரணமாகக் காட்டி, 1980-களில் பாதையையே மூட அரசு ரயில் நிறுவனம் முடிவெடுத்தது. ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்த உள்ளூர்க்காரர்கள் 1981-லேயே ‘செட்டில் - கார்லைல் பாதை நண்பர்கள்' என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள்.

மூடலுக்கு எதிராக 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அதில் ஒன்று ரஸ்வார்ப் என்ற நாயின் பாத முத்திரை! அதுவும் அந்தப் பாதையில் பயணித்ததுதானே என்று ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், மூடும் வேலையைக் கவனிக்க நியமிக்கப்பட்ட ரான் காட்டன் என்ற அதிகாரி, இருக்கிறவரை நன்றாக ஓட்டுவோம் என்று கட்டணச் சலுகைகள் கொடுத்துக் கூட்டத்தை வரவழைத்தார். 1986-ல் எட்டு ஸ்டேஷன்கள் மீண்டும் திறக்கப்பட்டன. பயணிகள் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. 1989 ஏப்ரலில் பாதை காப்பாற்றப்பட்டது. இன்றும் ரயில் ஓடுகிறது. அங்கே கடிதம் எழுதியவர்களோடு டிக்கெட் எடுத்து ஏறியவர்களும் சேர்ந்துதான் கணக்கை மாற்றினார்கள்.

நம்ம ஊர் உதாரணம்?

திருவாரூர் - காரைக்குடி பாதை. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2019 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் பல லெவல் கிராசிங்குகளில் கேட் கீப்பர் இல்லை. ரயிலிலேயே ஊழியர்கள் வந்து, இறங்கி, கேட்டை மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். சுமார் 150 கி.மீ. தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பஸ்ஸே மேல் என்று மக்கள் ஒதுங்கினால், ‘கூட்டமே இல்லை' என்று ரயிலையும் நிறுத்திவிடும் ஆபத்து இருந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரப் பயணிகள் சங்கங்கள் நிரந்தர கேட் கீப்பர் கேட்டு விடாமல் மனு கொடுத்தன. பின்னர் கேட் கீப்பர்கள் வந்தார்கள். 2023 ஏப்ரலில் இந்தப் பாதை வழியாக தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸும் தொடங்கியது. வெறுமனே ‘ரயில் வேண்டும்' என்று மட்டும் கேட்காமல், தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கேட்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆலோசனைக் குழு என்றால்?

கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. வணிகர் அமைப்புகள், பதிவு பெற்ற பயணிகள் சங்கங்கள் உள்ளிட்டவற்றின் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். பதவிக்காலம் 2 ஆண்டுகள். பெயருக்கேற்ப ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும், உத்தரவு போட முடியாது. ஆனால் அங்கே எழுப்பும் கேள்விக்கு எழுத்துபூர்வமான பதில் கிடைக்கும். ‘இயலாது' என்ற பதில்கூடப் பயன்படும். ஏன் இயலாது என்று காரணம் தெரிந்தால்தானே அடுத்த மனுவைச் சரியாக எழுத முடியும்?

தலைவருக்கு என்ன தலைவலி?

முதல் தலைவலி, சொந்த ஊர்க்காரர்களிடமே ‘முடியாது' என்று சொல்ல வேண்டிவரும். ஒவ்வொரு ஊரும் ஸ்டாப்பிங் கேட்டால் எக்ஸ்பிரஸ் பாசஞ்சராகிவிடும். பக்கத்து ஊர்ச் சங்கத்துடன் சண்டை போடாமல், இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு கோரிக்கைக்கு வர வேண்டும்.

இரண்டாவது, கோபம். ‘மறியல் பண்ணுவோம் சார்' என்று இளைஞர்கள் கிளம்புவார்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலை மறித்தால் ரயில்வே சட்டம், 1989-ன் 174-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். வேலையில் இருக்கிற ஒருவரின் எதிர்காலத்தையே அது பாதிக்கும்.

மூன்றாவது, கட்சி. ஸ்டாப்பிங் கிடைத்ததும் ‘எங்களால்தான்' என்று போஸ்டர் ஒட்டப் போட்டி நடக்கும். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மனுவை எடுப்பவரே நீடிப்பார்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உங்கள் ஊரில் ஏற்கெனவே சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்க வேண்டாம், அதில் சேருங்கள். ஆண்டுக்கணக்கான மனுக்களும் பதில்களும் அந்தப் பெரியவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். முதல் வேலையாக அவற்றை ஸ்கேன் செய்து கொடுத்தாலே பெரிய உதவி.

அடுத்து, ஒரு வாரம் உங்கள் ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். ஸ்டேஷனின் டிக்கெட் விற்பனைக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு, ஒரே ஒரு கோரிக்கையோடு ஒரு பக்க மனு எழுதுங்கள். ஒரே மனுவில் பதினைந்து கோரிக்கை வைத்தால், எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு ஃபைலை மூடிவிட வாய்ப்பு அதிகம்.

வாரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் போதும். பொறுமை மட்டும் ஆண்டுக்கணக்கில் வேண்டும். நீங்கள் கேட்ட ரயில் ஊருக்குள் வரும்போது, அதில் ஏறும் பலருக்கு உங்கள் பெயர்கூடத் தெரிந்திருக்காது.